நாட்டு டாக்வுட்: எந்த மரம், எந்த இடம், எதற்காக

ஏப்ரல் பிறந்ததும் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும் 'டாக்வுட்' என்று சீட்டு தொங்கும் மரங்கள் இரண்டு வகையாக நிற்கும். ஒன்று அந்த மண்ணுக்கே உரிய கார்னஸ் ஃப்ளோரிடா. மற்றது ஜப்பான், கொரியா, சீனா பக்கத்திலிருந்து வந்த கார்னஸ் கூசா. தள்ளி நின்று பார்த்தால் பூவும் ஒன்றுபோலவே தெரியும். "கூசாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நோய் வராது" என்பதுதான் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. நியூ ஜெர்சியிலோ வட கரோலினாவிலோ புதிதாக வீடு வாங்கி, முன்புறத்தில் ஒரு பூமரம் வைக்க நினைக்கும் தமிழர்களும் இதைத்தான் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்த யோசனையில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. நாட்டு மரம் அந்தக் காட்டில் என்ன வேலை பார்க்கிறது, அதைத் தாக்கிய நோய் எப்படிப்பட்டது, எந்த இடத்தில் அந்த நோய் தலையெடுக்காது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு நாட்டு டாக்வுட்டே சரியான மரம்.

மரத்தை அடையாளம் காண

கார்னஸ் ஃப்ளோரிடா பெரிய மரமல்ல. 15 முதல் 30 அடி உயரம், ஏறக்குறைய அதே அளவு விரிவு. ஓக், ஹிக்கரி போன்ற நெடிய மரங்களுக்குக் கீழே, காட்டின் இரண்டாவது அடுக்கில் வளர்வது. கனடாவின் தெற்கு ஒண்டாரியோவிலிருந்து ஃப்ளோரிடாவின் வடபகுதி வரையும், மேற்கே கிழக்கு டெக்சஸ் வரையும் இயற்கையாக இருக்கிறது. கிழக்கு மெக்சிகோவின் மலைகளில் இதன் ஒரு கிளையினம் தனியாக ஒதுங்கி நிற்கிறது. வர்ஜீனியா இதை 1918இல் மாநில மலராகவும் 1956இல் மாநில மரமாகவும் ஏற்றது. வட கரோலினாவுக்கு 1941 முதல் இதுவே மாநில மலர், மிசூரிக்கு 1955 முதல் மாநில மரம். வாஷிங்டனில் இருக்கும் செர்ரி மரங்களை 1912இல் ஜப்பான் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பதில் மரியாதையாக 1915இல் அமெரிக்கா டோக்கியோவுக்கு அனுப்பியது இந்த டாக்வுட்டைத்தான்.

பூ என்று நாம் பார்க்கும் நான்கு வெள்ளை இதழ்களும் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். காகிதப்பூவில் நிறம் காட்டுபவையும் இதே உறுப்புதான். நடுவில் மஞ்சள் கலந்த பச்சையாக, மிளகைவிடச் சிறிதாக 20, 30 மொட்டுகள் நெருக்கி நிற்கின்றனவே, அவைதான் பூக்கள். ஒவ்வொரு வெள்ளைச் செதிலின் நுனியிலும் பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளம் இருக்கும். குளிர்காலம் முழுவதும் மொட்டைப் போர்த்திக் காத்த கடினமான ஓட்டின் மிச்சம் அது. வசந்தத்தில் செதிலின் அடிப்பாகம் மட்டும் வளர்ந்து விரிகிறது. ஓடாக இருந்த நுனி வளராமல் பின்தங்கிவிடுவதால் பள்ளம் விழுகிறது. கூசாவின் செதில் நுனி கூராக முடியும், பள்ளம் இராது. அதோடு நாட்டு மரம் இலை விடும் முன்பே பூத்துவிடும்; கூசா இலை விட்ட பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்துப் பூக்கும்.

பூ இல்லாத காலத்திலும் கண்டுபிடிக்கலாம். முதிர்ந்த மரத்தின் பட்டை முதலைத் தோல்போலச் சிறு சிறு சதுரக் கட்டங்களாக வெடித்திருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், நரம்புகள் விளிம்பை ஒட்டி வளைந்து நுனியை நோக்கி ஓடும். ஒரு இலையைக் குறுக்காக மெல்லக் கிழித்துப் பாருங்கள்: நரம்புகளிலிருந்து வெள்ளை இழைகள் நீண்டு, கீழ்ப்பாதி அந்த இழைகளிலேயே தொங்கும். இந்த இழைச் சோதனை டாக்வுட் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும், இனத்தை அல்ல. கூசா இலையும் இப்படித்தான் தொங்கும். இலையுதிர்ந்த பிறகு கிளை நுனியைப் பார்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தைச் சுருக்கியதுபோல் உருண்டு, நுனி கூராக நிற்பது பூமொட்டு. ஒல்லியாக ஒட்டியிருப்பது இலைமொட்டு. நவம்பரில் நர்சரியில் வாங்குகிறவர்கள் உருண்டை மொட்டுகள் எத்தனை என்று பார்த்தே அடுத்த வசந்தத்தின் பூவைக் கணக்கிட்டுவிடலாம்.

தாவரவியலாளர்களின் இன்றைய வகைப்பாட்டில் நம் ஊர் அழிஞ்சில் மரமும் இதே கார்னேசி குடும்பத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. கீழே விழுந்த விதை தாய்மரத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும் என்று ஐதீகம் சொல்லப்படும் அதே அழிஞ்சில். உறவு அத்தோடு சரி. டாக்வுட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் நீண்ட குளிர் உறக்கம் தேவை. சென்னையிலோ மதுரையிலோ வளர்க்க ஆசைப்படுவது வீண்.

இதன் கட்டை கனத்த கட்டை. எவ்வளவு உராய்ந்தாலும் சிம்பு எழாமல் வழுவழுப்பாகிக்கொண்டே போகும். அதனால் பிளாஸ்டிக் வரும்வரை நெசவாலைகளின் தறி நாடா செய்ய அமெரிக்காவில் வெட்டப்பட்ட டாக்வுட்டில் பெரும்பகுதி போனது. உள்நாட்டுப் போரின்போது கொயினா கிடைக்காத தென்மாநிலங்கள் இதன் பட்டைக் கசாயத்தைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தன. இன்று இரண்டுக்கும் யாரும் இதைத் தேடுவதில்லை.

சருகில் இருக்கும் சுண்ணாம்பு

இந்த மரத்தின் உண்மையான மதிப்பு அக்டோபரில்தான் தெரியும், அதுவும் தரையில். டாக்வுட் இலையின் உலர் எடையில் 2 முதல் 3.5 சதவீதம்வரை கால்சியம் இருக்கிறது. சுற்றியுள்ள பெரும்பாலான மரங்களின் இலையில் இவ்வளவு கிடையாது. வேர் எடுத்துவரும் கால்சியத்தை மரம் இலையில் சேர்க்கிறது, இலை உதிர்ந்து மேல்மண்ணில் அதைத் திருப்பித் தருகிறது.

சேர்த்து வைத்தால் போதாது, சீக்கிரம் மக்கவும் வேண்டும். டாக்வுட் சருகு ஹிக்கரிச் சருகைவிட மூன்று மடங்கு வேகமாகவும், ஓக் சருகைவிடப் பத்து மடங்கு வேகமாகவும் மக்குகிறது. ஓக் சருகு தோல்போலக் கிடந்து பல பருவம் தாண்டும் இடத்தில், டாக்வுட் சருகு அடுத்த கோடைக்குள் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

இதனால் பயன் யாருக்கு? ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டிய நத்தைக்கு. உடல் கவசத்தில் கால்சியம் பூசிக்கொள்ளும் மரவட்டைக்கு. இவற்றைத் தின்று முட்டையோடு உருவாக்கும் பறவைகளுக்கு. அப்பலாச்சிய மலைகளின் மண் ஏற்கெனவே அமிலத்தன்மை கொண்டது, பல பத்தாண்டுகள் பெய்த அமில மழை அதிலிருந்த கால்சியத்தை மேலும் அரித்துவிட்டது. அப்படிப்பட்ட மண்ணில் இந்தச் சிறு மரம் பார்க்கும் வேலைக்கு மாற்று ஆள் எளிதில் கிடைப்பதில்லை. கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வுகள், டாக்வுட் குறைந்தால் காட்டின் கால்சியச் சுழற்சியே குறைந்துபோகும் என்ற கவலையைத்தான் முன்வைத்தன.

வீட்டுத் தோட்டத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: டாக்வுட் சருகை வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்காதீர்கள். நோயில்லாத மரமாக இருந்தால் அடியிலேயே விடலாம். நோய் இருந்தால் மட்டும் வார வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

காயும் பறவையும்

செப்டம்பர், அக்டோபரில் கிளை நுனிகளில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீள்வட்டப் பழங்கள் கொத்தாகப் பளீரென்று சிவக்கும். மனிதர் வாயில் வைக்க முடியாத கசப்பு. பறவைக்கோ அது வேறு விஷயம். பெரும்பாலான காட்டுப் பழங்களில் சர்க்கரை இருக்கும். டாக்வுட் பழத்தில் கொழுப்பு நிறைய இருக்கிறது. தெற்கு நோக்கிக் கிளம்பும் பறவைகளுக்கு அந்த மாதத்தில் தேவைப்படுவது அதுதான். அமெரிக்க ராபின், நீலப்பறவை, சீடர் வாக்ஸ்விங், கார்டினல், வுட் த்ரஷ், காட்டு வான்கோழி என்று உண்ணும் பறவைகளின் பட்டியல் நீளம். அணிலும் சிப்மங்கும் கரடியும் பங்குக்கு வருகின்றன.

கொழுப்புள்ள பழம் மரத்தில் நீண்ட நாள் தாங்காது, கெட்டுவிடும். அதனால் பறவைகளைச் சீக்கிரம் வரவழைப்பது மரத்துக்கும் தேவை. டாக்வுட் இலை மற்ற மரங்களுக்கு முன்பே சிவப்பது, மேலே பறந்து போகும் பறவைகளுக்குப் 'பழம் இங்கே' என்று காட்டும் கொடி என்பது சூழலியலாளர்கள் சிலர் முன்வைத்த விளக்கம்.

கூசாவின் பழம் இதற்கு எதிர். ஒரு அங்குலம் வரை பருத்து, மேலே சொரசொரப்பான ஒற்றை உருண்டையாக வளரும். சிறு பறவையால் அதை விழுங்க முடியாது. தாய்நாட்டில் குரங்குகள் தின்று விதை பரப்பும் பழம் அது. நியூ ஜெர்சியில் குரங்கு ஏது? அணில் கொஞ்சம் தின்னும், மீதி நடைபாதையில் விழுந்து நசுங்கும். இலை தின்னும் புழுக்கள் விஷயத்திலும் வேறுபாடு பெரிது. வட அமெரிக்க நாட்டு டாக்வுட்டுகளை நம்பி நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் புழுக்கள் வாழ்கின்றன. ஸ்பிரிங் அஷூர் என்ற சிறிய நீல வண்ணத்துப்பூச்சி பூமொட்டின்மீதே முட்டையிடும். குஞ்சுகளுக்குப் பறவைகள் ஊட்டுவது இந்தப் புழுக்களைத்தான், பழத்தையல்ல. கூசா இலையில் அந்த மாதிரிப் புழு அரிதாகவே தென்படும். இலை ஓட்டையில்லாமல் இருப்பது நர்சரிக்காரருக்கு விற்பனைக் குணம், சிட்டுக்குருவி அளவுப் பறவைக்குக் காலித் தட்டு.

பழம் வேண்டுமென்றால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. டாக்வுட் தன் மகரந்தத்தையே ஏற்று நன்றாகக் காய்ப்பதில்லை. பெயர் வைத்து விற்கும் ரகங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் கண் ஒட்டுகள்; எனவே ஒரே ரகத்தில் இரண்டு மரம் நட்டாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரு மரமே. 'செரோக்கி பிரின்சஸ்' ஒன்று, விதைநாற்று ஒன்று, அல்லது இரண்டு வேறு ரகங்கள் என்று நட வேண்டும். பக்கத்துக் காட்டிலோ அடுத்த வீட்டிலோ ஏற்கெனவே மரம் இருந்தால் கவலையில்லை. சிறு தேனீக்களும் வண்டுகளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வந்த நோய்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டாக்வுட்டுகள் கருகத் தொடங்கின. மேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் டாக்வுட், கிழக்கே நியூயார்க் வட்டாரத்தில் கார்னஸ் ஃப்ளோரிடா. காரணம் ஒரு பூஞ்சை. 1991இல்தான் அதற்கு டிஸ்குலா டிஸ்ட்ரக்டிவா என்று அறிவியல் பெயர் வைத்தார்கள், பெயரிலேயே அழிவு இருக்கிறது. நோயின் பெயர் டாக்வுட் ஆந்த்ராக்னோஸ். பூஞ்சையின் மரபணுவில் வேறுபாடு மிகக் குறைவு, ஆசிய டாக்வுட்டுகள் அதைத் தாங்குகின்றன. இவற்றை வைத்து, வெளியிலிருந்து வந்த பூஞ்சை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் எண்ணம்.

மேரிலாந்தின் கடோக்டின் மலைப் பூங்காவில், அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட் இருக்கும் அதே மலையில், 1980களின் முடிவுக்குள் டாக்வுட்டுகளில் முக்கால்வாசிக்கு மேல் செத்துவிட்டன.

நோய் நகரும் வழியைத் தெரிந்துகொண்டால் அதை மறிக்கும் இடமும் தெரியும். குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் இலையில் பழுப்புப் புள்ளி விழும், சுற்றி ஊதா விளிம்பு கட்டும். இலையிலிருந்து காம்பு வழியாகக் குச்சிக்குள் இறங்கும். பட்டுப்போன இலை உதிராமல் குளிர்காலம் முழுக்கக் குச்சியிலேயே தொங்கும். அடுத்த வசந்தத்துக்கான பூஞ்சை வித்து அந்த இலையிலும் குச்சியிலும்தான் காத்திருக்கிறது. சாவு கீழ்க்கிளைகளில் தொடங்கி மேலே ஏறும். மேல்பகுதி பட்டதும் மரம் பதைத்து, அடிமரத்திலிருந்து நேராக மென்தளிர்களைத் தள்ளும். புதுத்தளிர் வந்துவிட்டது, மரம் பிழைத்தது என்று பலர் மகிழும் கட்டம் இதுதான், ஆனால் நிலைமை மோசமாவதும் இங்கேதான். பூஞ்சைக்கு அந்தத் தளிர்கள் அடிமரத்துக்குள் நுழையும் கதவு. தளிர் செத்த இடத்தில் பட்டைக்குக் கீழே புண் உண்டாகும், பல புண்கள் சேர்ந்து தண்டைச் சுற்றி வளைத்தால் மரம் முடிந்தது. காட்டில் பெரிய மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டு, கன்றுக்கு ஒரே பருவம் போதும்.

இந்தப் பூஞ்சைக்கு வேண்டியவை மூன்று: குளிர்ச்சி, நிழல், நெடுநேரம் காயாத இலை. அதனால்தான் உயரமான மலைச்சரிவு, ஓடைக்கரை, அடர்ந்த காட்டின் உள்பகுதி ஆகிய இடங்களில் டாக்வுட் துடைத்தெறியப்பட்டது. அதே மாவட்டத்தின் வெயில்படும் முற்றங்களில் பழைய மரங்கள் இன்றும் பூத்துக்கொண்டிருக்கின்றன. ஸ்மோக்கி மலைகளில் தீ படர்ந்து விதானம் திறந்த பகுதிகளில், தீயே காணாத பகுதிகளைவிட டாக்வுட் அதிகம் தப்பியதும் இதே காரணத்தால். கடைக்காரர் சொல்லாமல் விடும் பாதி இதுதான். காட்டில் நோய் கொண்ட வெற்றி வெயில் விழும் முற்றத்துக்கு அப்படியே பொருந்தாது.

1990களின் நடுவில் இரண்டாவது தொல்லையாகச் சாம்பல் நோய் பரவியது. கோடையில் இலைமேல் வெள்ளைப் பொடி, இலை சுருண்டு விளிம்பு சிவப்பது அடையாளம். வளர்ந்த மரத்தைக் கொல்லாது, ஆனால் கன்றின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும், அடுத்த ஆண்டின் பூமொட்டைக் குறைக்கும். செதில்களில் மட்டும் பொடிப்பொடியாக ஊதாப் புள்ளி விழுவது மூன்றாவது, வேறொரு பூஞ்சை; அழகு கெடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பார்த்து ஆந்த்ராக்னோஸ் என்று பயந்து மரத்தை வெட்டியவர்கள் உண்டு. ஆகஸ்டில் இலை விளிம்பு மட்டும் சீராகக் காய்ந்து, புள்ளியோ ஊதா வளையமோ இல்லையென்றால் அது நோயே அல்ல, தண்ணீர்ப் பற்றாக்குறை.

இடம், குழி, தண்ணீர்

டாக்வுட் நிழல் மரம் என்று படித்துவிட்டு வீட்டின் வடக்கு மூலையில் நடுவது முதல் தவறு. அங்கே பூ குறையும், காலைப் பனி மதியம்வரை இலையில் நிற்கும். கார் நிறுத்தும் கான்கிரீட்டுக்கு மேற்கே, முழுநாள் வெயிலில் நடுவது அடுத்த தவறு. வேர் மேலாக ஓடுவதால் கோடையில் இலை கருகும், வாடிய மரத்தைத் தண்டு துளைக்கும் புழு தேடி வரும். வீட்டின் கிழக்குப் பக்கம், அல்லது ஓக் மரத்தின் கிழக்கு ஓரம் சரி. காலையில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெயில் பட்டு இலை சீக்கிரம் காய வேண்டும், பிற்பகலில் நிழல் விழ வேண்டும், காற்று தடையில்லாமல் ஓட வேண்டும்.

அடுத்தது வடிகால். புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்து விற்றுவிட்டு, இறுகிய களிமண்மேல் புல்விரிப்பை உருட்டிவிடுவார்கள். அதில் டாக்வுட் வேர் மூச்சுத்திணறி அழுகும். ஒரு அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் மண்ணை மேடாகக் குவித்து அதில் நடலாம். ஈரம் எப்போதும் நிற்கும் இடமானால் டாக்வுட்டை விட்டுவிட்டு ஸ்வீட்பே மக்னோலியா போன்ற மரத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். மண்ணின் அமில அளவு 5.5 முதல் 6.5க்குள் இருப்பது நல்லது. புல்வெளிக்குச் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் மரத்தைச் சுற்றித் தூவாமல் விட வேண்டும்.

வேர்ப்பந்தின் அகலத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு அகலமாக, ஆனால் அதன் உயரத்துக்கு மேல் ஆழம் போகாமல் குழி எடுங்கள். தொட்டி மண்ணின் மேல்மட்டத்தை நம்ப வேண்டாம். அடித்தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடத்தை விரலால் தோண்டிப் பார்க்க வேண்டும். அது தரைமட்டத்துக்கு ஒரு அங்குலமாவது மேலே நிற்கட்டும். தொட்டியில் வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிப் பிரித்துவிடுங்கள். குழியை எடுத்த மண்ணாலேயே மூட வேண்டும். களிமண் குழிக்குள் மட்டும் உரமண் கொட்டினால் சுற்றிலும் உள்ள நீர் அந்த மென்மையான குழிக்குள் வந்து தேங்கும், வேரும் வெளியே போகாமல் உள்ளேயே சுருளும். முதல் ஆண்டு உரம் வேண்டாம். பிறகும் நைட்ரஜன் அதிகம் கொடுத்தால் பால்தளிர் மிகுந்து சாம்பல் நோய்க்கு விருந்தாகும்.

தண்ணீர்: தண்டின் தடிமன் ஒரு அங்குலத்துக்கு வாரம் 10 கேலன், மெதுவாக, வேர்ப்பகுதியில். முதல் இரண்டு கோடையும் இது தவறக்கூடாது. இலைமேல் விசிறும் ஸ்பிரிங்க்ளர் டாக்வுட்டுக்கு ஆகாது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தை நாமே ஊற்றியதாகும். தண்டைச் சுற்றி மூன்று அடி ஆரத்துக்குப் புல்லை நீக்கி, 2 முதல் 3 அங்குல மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டி நான்கு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். எரிமலைபோலக் கூம்பாகக் குவிப்பது அந்த ஊர்த் தோட்டப் பராமரிப்பாளர்களின் கெட்ட பழக்கம். பட்டை அழுகும், எலி குடியேறும்.

அந்த மூடாக்கு வட்டம் ஈரத்துக்காக மட்டுமல்ல. ஊர்ப்புறத்து டாக்வுட்டுகள் பலவும் நலிவதற்குக் காரணம் பூஞ்சையைவிடப் புல்வெட்டி. நைலான் நரம்பு சுழலும் டிரிம்மர் மெல்லிய பட்டையில் ஒரு கீறல் போட்டால் போதும், குளவிபோலத் தோன்றும் ஒரு கண்ணாடிச்சிறகு அந்துப்பூச்சி அந்தக் காயத்தில் முட்டையிடும். டாக்வுட் துளைப்பான் என்பது இதன் புழுதான். பட்டைக்குக் கீழே சுரங்கம் போட்டுச் சாறு ஓடும் பாதையை அறுக்கும். அடித்தண்டில் சிவந்த பழுப்பு மரத்தூள் ஒட்டியிருந்தால், ஒரு பக்கக் கிளை மட்டும் ஜூலையிலேயே சிவந்தால் சந்தேகப்பட வேண்டும். புல் நெருங்காத மரத்துக்கு டிரிம்மரும் நெருங்காது. புல்லுக்கு உரத்தோடு களைக்கொல்லி கலந்து விற்கும் பொடிகளும் வேர் வழியே ஏறி டாக்வுட் இலையை முறுக்கிவிடும், இதில் டிகாம்பா கலந்தவை மோசம்.

கவாத்து அதிகம் தேவையில்லை. பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுவதால், குளிர்காலத்தில் கிளையை வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறோம். வடிவம் திருத்துவது பூ முடிந்தவுடன். பட்ட குச்சியை எப்போதும் எடுக்கலாம், உலர்ந்த நாளாகப் பார்த்து. அடிமரத்தில் எழும் மென்தளிர்களை விரல் நீளம் வளரும் முன்பே கிள்ளிவிட வேண்டும். ஆந்த்ராக்னோஸ் கண்ட மரமானால் தொங்கும் இலைகளையும் உதிர்ந்த சருகையும் குளிர்காலத்துக்குள் அகற்றுங்கள். மருந்து தெளிப்பதென்றால் மொட்டு உடையும்போது தொடங்கி 10 முதல் 14 நாள் இடைவெளியில் இலை முழுதாக விரியும்வரை தெளிக்க வேண்டும்; குளோரோதலோனில், புரோபிகோனசோல் இரண்டும் வழக்கத்தில் உள்ளவை. ஆனால் ஆண்டுதோறும் மருந்து கேட்கும் மரம் தவறான இடத்தில் நிற்கிறது என்றுதான் பொருள்.

எந்த ரகம்

கடோக்டின் மலையில் எல்லாம் செத்தபின் நின்ற ஒரு மரத்திலிருந்து டென்னசி பல்கலைக்கழகம் எடுத்த ரகம் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. ஆந்த்ராக்னோஸைத் தாங்கும், ஆனால் சாம்பல் நோய் வரும். அதே பல்கலைக்கழகத்தின் 'ஜீன்ஸ் அப்பலாச்சியன் ஸ்னோ', 'கேஸ் அப்பலாச்சியன் மிஸ்ட்', 'கேரன்ஸ் அப்பலாச்சியன் பிளஷ்' மூன்றும் சாம்பல் நோயைத் தாங்குபவை; ஆந்த்ராக்னோஸையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமவெளியில் வெயில்படும் முற்றத்துக்கு இரண்டாவது கூட்டம், மலையடிவார ஈர இடத்துக்கு முதலாவது. இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் 'செரோக்கி பிரேவ்' பரவாயில்லை.

இளஞ்சிவப்பு மரம் சில ஆண்டில் வெள்ளையாகப் பூக்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். மரம் நிறம் மாறவில்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து எழுந்த தளிர் வளர்ந்து மேலே கட்டிய ரகத்தை மூடியிருக்கும். ஒட்டுக்குக் கீழே முளைப்பதை உடனுக்குடன் நீக்கினால் இது நடக்காது.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்வின் ஆர்ட்டன் கூசாவையும் ஃப்ளோரிடாவையும் கலந்து உருவாக்கிய 'ஸ்டெல்லார்' கலப்பினங்களும் சந்தையில் உண்டு. நோய் தாங்கும், நிறையப் பூக்கும், ஏறக்குறைய காய்ப்பதே இல்லை. பூ மட்டும் போதும், இடமோ ஈர நிழல் என்பவருக்கு அது சரியான சமரசம்.

வட மாநிலங்களில் இருப்பவர்கள் கன்று எந்த ஊர் விதை என்று கேட்க வேண்டும். ஜார்ஜியா விதையின் கன்று பென்சில்வேனியாவில் உயிரோடு இருக்கும், பூமொட்டு மட்டும் ஜனவரிக் குளிரில் கருகிவிடும். ஒண்டாரியோவில் கார்னஸ் ஃப்ளோரிடா அழியும் நிலையில் உள்ள இனம். ஈரி ஏரியின் வடகரையை ஒட்டிய பகுதிகளில்தான் இயற்கையாக மிஞ்சியிருக்கிறது. டொராண்டோவைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அங்கேயே இயற்கையாக வளரும் பகோடா டாக்வுட், அதாவது கார்னஸ் ஆல்டர்னிஃபோலியா, பொருத்தம். கிளைகள் அடுக்கடுக்காக விரியும், இலை எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி அமையும். காம்பு சிவந்து, காய் கருநீலமாக ஜூலை, ஆகஸ்டிலேயே பழுக்கும். பூ அடக்கமானது, பறவை அதைப் பொருட்படுத்துவதில்லை.

காட்டிலிருந்து கன்றைப் பெயர்த்து வர வேண்டாம், நோய் முற்றத்துக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. விதையிலிருந்து வளர்ப்பது கடினமல்ல. பழம் நன்கு சிவந்ததும் பறித்து, இரண்டு நாள் ஊறவைத்துச் சதையைத் தேய்த்துக் கழுவுங்கள். மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை ஈர மணலோடு பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில் சுமார் 120 நாள் வைக்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் போதும், நீர் தேங்கினால் விதை அழுகும். வசந்தத்தில் அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். சில விதைகள் அந்த ஆண்டு முளைக்காமல் அடுத்த வசந்தத்தில் தலைகாட்டும், பாத்தியைக் கிளற வேண்டாம். பூக்க ஆறு ஆண்டாவது ஆகும். அதற்குள் மான் மேயாமல் காப்பதுதான் பெரிய பாடு. டாக்வுட் குருத்து மானுக்குப் பிடித்த தீனி. கன்றைச் சுற்றி ஐந்து அடி உயரக் கம்பிவலை கட்டி, தலை மானின் வாய்க்கு எட்டாத உயரம் போனபின் எடுத்துவிடலாம்.